திக்கிப் பேசுதல்: பயிற்சி அறைக்கு வெளியே

திக்கிப் பேசுவோருக்கான பயிற்சி முறைகள் கடந்த நூறாண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளன. ஆயினும் அவற்றைக் கற்றவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் மட்டும் பெரிதாக மாறவில்லை. சிகிச்சையாளரின் அறையில் தங்குதடையின்றி வந்த பேச்சு, பேருந்து நடத்துநரின் முன்னும் தொலைபேசியிலும் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியரின் எதிரிலும் பழையபடி நின்றுவிடுகிறது. அறையில் கற்ற நுட்பத்தை அன்றாடப் பேச்சுக்குக் கொண்டுசெல்லும் கட்டத்தைப் பேச்சு மருத்துவத் துறையினர் இடமாற்றம் என்று குறிப்பிடுகின்றனர். சிகிச்சை முடிந்தபின் தானாக நிகழ்ந்துவிடும் ஒன்றாகப் பலர் இதைக் கருதினாலும், சிகிச்சையின் பெரும்பகுதி இதுவே என்பதும், திட்டமிட்டுச் செய்தாலன்றி இது நிகழாது என்பதும் இத்துறையின் நீண்ட அனுபவம் காட்டும் உண்மைகள்.

இதை விளக்குவதற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் பொருத்தமான ஊர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே செல்லும் அந்தமான் பெருவழிச் சாலையில், ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு முன்னதாக வரும் இவ்வூர், 1920களில் தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் ஃபெராரின் பெயரைத் தாங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வங்க மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 28 விழுக்காடும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காடும் ஆவர். இந்தி, தெலுங்கு, மலையாளம் பேசுவோரும் கணிசமாக உள்ளனர். இவர்கள் அனைவருக்கும் பொதுமொழியாக இருப்பது இந்தி. ஆகவே இங்கு வாழும் தமிழர் ஒருவர் வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் அலுவலகத்தில் மற்றொரு மொழியும் பேச நேர்கிறது. பேச்சுத் துறையின் பெரிய பயிற்சி நிறுவனங்களோ கடலுக்கு அப்பால் சென்னையிலும் மைசூரிலும் இருக்கின்றன. சிகிச்சை அறை தொலைவில் இருக்கும் இத்தகைய ஊரில், அன்றாட வாழ்வையே பயிற்சிக் களமாக்கிக்கொள்ள வேண்டிய தேவை மிகுதி.

தடை எங்கே எழுகிறது

திக்கல் மூன்று வடிவங்களில் வெளிப்படுகிறது. ‘ப-ப-பஸ்’ என ஓர் ஒலியோ அசையோ திரும்பத் திரும்ப வருவது முதல் வடிவம். ‘ம்ம்ம்மணி’ என ஓர் ஒலி அளவுக்கு மீறி நீள்வது இரண்டாவது. வாய் அந்த ஒலிக்கு உரிய நிலையில் அமைந்த பிறகும், குரல்நாண்களோ உதடுகளோ இறுகிக்கொள்வதால், ஒலியே வராமல் நிற்பது மூன்றாவது. இம்மூன்றாவது வடிவத்தை அடைப்பு என்பர். சொல்ல வேண்டியது என்ன என்பது பேசுபவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். அதை உரிய கணத்தில் உறுப்புகளின் இயக்கமாக மாற்றுவதில்தான் இடையூறு நேர்கிறது.

குழந்தைகளுள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் 2 முதல் 5 வயதுக்குள் ஏதேனும் ஒரு காலத்தில் திக்குகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் தேறிவிடுகின்றனர். வளர்ந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் திக்கல் நிலைத்துவிடுகிறது. வளர்ந்தோரில் பெண் ஒருவருக்கு ஆண்கள் நால்வர் என்ற அளவில் இது காணப்படுகிறது. அச்சத்தாலோ பெற்றோரின் கண்டிப்பாலோ பிறரைப் பார்த்துப் பழகியதாலோ திக்கல் உண்டாகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருப்பினும், அதன் வேர் மூளையின் அமைப்பிலும் மரபிலும் இருப்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. திக்குவோரின் மூளையில், பேச்சைத் திட்டமிடும் பகுதிகளையும் உறுப்புகளை இயக்கும் பகுதிகளையும் இணைக்கும் இடப்பக்க நரம்பிழைகளில் வேறுபாடு இருப்பது படமெடுப்பு ஆய்வுகளில் தெரியவந்தது. 2010இல் அமெரிக்க அறிவியலாளர் டென்னிஸ் டிரேனாவின் குழுவினர், பாகிஸ்தானைச் சேர்ந்த குடும்பங்களை ஆராய்ந்து, திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை முதன்முறையாக அடையாளம் கண்டனர். அச்சமும் பதற்றமும் திக்கலைக் கூட்டக்கூடும். அவை அதன் பிறப்பிடம் அல்ல.

திக்குபவரே பாடும்போதும், பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. பள்ளியின் காலை வழிபாட்டில் உறுதிமொழியை எல்லோருடனும் தெளிவாகச் சொன்ன மாணவன், அடுத்த மணி நேரத்தில் தன் பெயரைச் சொல்ல முடியாமல் நிற்பதைக் காணும் ஆசிரியர், அவன் நடிக்கிறான் என்றோ முயற்சி செய்யவில்லை என்றோ எண்ணிவிடக்கூடும். சேர்ந்து சொல்லும்போது பேச்சின் காலக்கணக்கை மற்றவர்களின் குரல் வெளியிலிருந்து கொடுத்துவிடுகிறது. தனியாகப் பேசும்போது மூளை அக்கணக்கைத் தானே உருவாக்க வேண்டியிருக்கிறது. அவ்வேலையில்தான் இடையூறு என்பதால், அந்த மாணவனின் இரு நிலைகளும் உண்மையானவையே.

பயிற்சியின் இரு மரபுகள்

வளர்ந்தோருக்கான பயிற்சிகள் இரு பெரும் மரபுகளாகப் பிரிகின்றன. பேசும் முறையையே மாற்றி, திக்கல் எழாதவாறு பேச்சை ஓடவிடுவது முதல் மரபு. மூச்சைச் சிறிது வெளிவிட்டபடி குரலை மெல்லத் தொடங்குதல், உதடும் நாவும் ஒன்றையொன்று அழுத்தாமல் தொடுமளவுக்கு மட்டும் தொடுதல், ஒலிகளைச் சற்று நீட்டிச் சொற்களை ஒன்றோடொன்று தொடுத்தல் ஆகியவை இதன் அடிப்படைகள்.

இரண்டாவது மரபு, திக்கலை ஒழிக்க முயலாமல், இறுக்கமின்றி எளிதாகத் திக்கக் கற்றுக்கொடுக்கிறது. இதை வகுத்தளித்தவர்களுள் முதன்மையானவர், தாமே கடுமையாகத் திக்கியவரான அமெரிக்கப் பேச்சு மருத்துவர் சார்லஸ் வான் ரைப்பர். 1905இல் பிறந்து 1994இல் மறைந்த அவர், மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் பேச்சுச் சிகிச்சையகத்தை நிறுவி, பல்லாண்டுப் பணியின் பயனை 1973இல் வெளிவந்த ‘திக்கலுக்கான சிகிச்சை’ என்னும் நூலில் தொகுத்தார். திக்கலை மறைக்க எடுக்கும் முயற்சியே அதை இறுகச் செய்கிறது என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. ஜோசப் ஷீஹன் என்ற மற்றோர் அறிஞர், கேட்பவரின் காதில் விழும் திக்கலைக் கடல்மட்டத்துக்கு மேலே தெரியும் பனிப்பாறையின் முனைக்கு ஒப்பிட்டு, வெட்கம், அச்சம், குற்றவுணர்வு, தவிர்ப்பு ஆகிய பெரும்பகுதி நீருக்கடியில் இருப்பதாக விளக்கினார்.

தவிர்ப்பு என்பது வெளியார் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒன்று. ‘தண்ணீர்’ என்ற சொல்லில் தடை வரும் என்று முன்கூட்டியே உணர்ந்தவர் ‘குடிக்க ஏதாவது’ என்று மாற்றிக் கேட்பார். வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் ‘வந்து’, ‘அதாவது’ என்ற சொற்களை அடுக்கித் தடையைக் கடக்கப் பார்ப்பார். விலை கேட்கத் தேவையில்லாத கடையாகத் தேடிப் போவார். அலைபேசி அழைப்பை எடுக்காமல் விட்டுக் குறுஞ்செய்தி அனுப்புவார். இவர் பலருடைய காதுக்குத் திக்காதவராகவே தோன்றினாலும், ஒவ்வொரு தவிர்ப்பும் அச்சத்தை அடுத்த முறைக்கு வலுப்படுத்துவதால், வாழ்க்கையின் பரப்பு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் அன்றாட வாழ்வுக்கான பயிற்சித் திட்டங்கள் பலவும் தவிர்ப்பைக் கைவிடுவதை முக்கிய இலக்காக வைக்கின்றன.

ஒரு பயணச்சீட்டும் நான்கு நுட்பங்களும்

ஸ்ரீ விஜயபுரத்தில் கல்லூரி முடித்து ஊர் திரும்பும் மாணவர் ஒருவர், நெரிசலான பேருந்தில் நடத்துநரிடம் தம் ஊர்ப்பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குவதாகக் கொள்வோம். ஊர்ப்பெயருக்கு மாற்றுச்சொல் கிடையாது. நடத்துநர் அவசரத்தில் இருப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தமிழில் ‘பெரார்கஞ்ச்’ என்ற பெயர், இரு உதடுகளும் மூடித் திறக்கும் வல்லின எழுத்தில் தொடங்குவதால், இறுக்கம் உதடுகளில் கூடி அடைப்பாக மாறுவதற்கும் வாய்ப்புண்டு.

வான் ரைப்பரின் வரிசையில் முதலில் கற்பிக்கப்படுவது, தடை வந்துபோன பின் அதைத் திருத்தும் நுட்பம். மாணவர் தடைபட்டுத் தடைபட்டேனும் ஊர்ப்பெயரை முழுமையாகச் சொல்லி முடித்துவிடுகிறார். பின்னர் சில நொடிகள் வேண்டுமென்றே நிற்கிறார். அந்த இடைவெளியில் உதடுகளில் எந்த இடம் இறுகியது என்பதைக் கவனித்து, அதே பெயரைத் தளர்ந்த உதடுகளோடு மெதுவாக மீண்டும் சொல்கிறார். திக்கியவுடன் அவசரமாக மேலே ஓடும் பழக்கத்தை இந்த நிறுத்தம் உடைக்கிறது. இரண்டாவது நுட்பம், தடை நடந்துகொண்டிருக்கும்போதே அதிலிருந்து வெளியேறுவது. உதடுகள் இறுகியிருப்பதை உணர்ந்ததும், மேலும் அழுத்தித் தள்ளாமல், பின்வாங்காமல், அந்த இறுக்கத்தை அந்த நிலையிலேயே சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஒலியை நழுவவிட்டு முடிக்கிறார். மூன்றாவதாக, தடை வரப்போவதை முன்கூட்டியே உணரும்போது, தொடங்குவதற்கு முன்பே மூச்சை மெல்ல வெளிவிட்டு, உதடுகளை இலேசாகத் தொடவைத்து அச்சொல்லுக்குள் நுழைகிறார். நடந்து முடிந்ததைத் திருத்தக் கற்றபின் நடப்பதைத் திருத்தவும், அதன்பின் வரப்போவதற்கு ஆயத்தமாகவும் கற்க வேண்டும் என்ற இவ்வரிசை தலைகீழாகத் தோன்றினாலும், முன்னைய படியில் கிடைக்கும் உடலுணர்வே பின்னைய படிக்கு அடிப்படையாகிறது.

நான்காவது நுட்பம் பலருக்கும் வியப்பளிப்பது. தடை எதுவும் வராத சொல்லிலும் மாணவர் வேண்டுமென்றே எளிதாக ஒருமுறை திக்குகிறார். ‘பெ-பெ-பெரார்கஞ்ச்’ என்று இறுக்கமின்றித் தாமாகவே சொல்லிக்காட்டும்போது, மறைக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லாமல் போவதால், திக்கிவிடுவோமோ என்ற அச்சம் குறையத் தொடங்குகிறது. இது பேருந்தில் முதல் நாளே செய்யத்தக்கதன்று. வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பலமுறை செய்து பழகிய பின்பே அந்நியர் முன் செய்ய வேண்டியது.

தமிழில் கவனிக்க வேண்டியவை

ஒலிகளை நீட்டிப் பேசும் முறை பெருமளவு ஆங்கிலம் பேசுவோரை முன்வைத்து வளர்ந்தது. அதைத் தமிழில் பின்பற்றும்போது குறில் நெடில் வேறுபாட்டைப் பேண வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்ற இலக்கணக் கணக்கு தமிழில் பொருளையே தீர்மானிக்கிறது. ‘படம்’ என்பதன் முதல் உயிரை நீட்டினால் அது ‘பாடம்’ ஆகிவிடும். எனவே முழுத் தொடரையும் ஒரே வீதத்தில் மெதுவாக்கி, குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள விகிதம் குலையாமல் பார்த்துக்கொள்வதும், குறில் உயிர்களைவிட ம், ன், ல், ர் போன்ற மெல்லின இடையின மெய்களில் நீட்டிப்பை அமைப்பதும் தமிழுக்கு இசைந்த வழிகள். ‘நாளைக்கு வரலாம்’ என்ற தொடரை இடைவெளியின்றி ஒரே மூச்சில் தொடுத்து, மெய்களின் மேல் சற்றே தங்கிச் சொன்னால், பொருளும் சிதையாது, கேட்பவருக்குச் செயற்கையாகவும் தோன்றாது.

எழுத்துகள் பிறக்கும் இடங்களையும் அதற்கு வேண்டிய முயற்சியையும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விரிவாகப் பேசுகிறது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற பிரிவைப் பள்ளியிலேயே கற்ற தமிழ் மாணவருக்கு, தமக்கு எந்த இனத்தில், எந்த உறுப்பில் தடை மிகுகிறது என்று குறித்துக்கொள்வது எளிது. ஒரு வாரம் அவ்வாறு குறித்துவந்தால், எல்லாச் சொல்லிலும் திக்குகிறோம் என்ற பொத்தாம்பொதுவான கவலை விலகி, இன்ன ஒலியில், இன்னார் முன்னால், இன்ன சூழலில் என்ற தெளிவு பிறக்கும்.

பல மொழி பேசுவது திக்கலை உண்டாக்குவதாகக் கூறி, திக்கும் குழந்தையிடம் ஒரே மொழியில் பேசுமாறு அறிவுறுத்துவோர் உண்டு. இதற்குத் தக்க சான்று இல்லை. எனினும் ஒருவரே மொழிக்கு மொழி வேறுபட்ட அளவில் திக்குவதுண்டு. ஒரே ஊர்ப்பெயர் தமிழில் உதடுகள் மூடும் ஒலியிலும், ஆங்கிலத்தில் கீழுதடும் மேற்பல்லும் உரசும் ஒலியிலும் தொடங்குவதால், முன்னதில் உதடுகளைத் தளர்த்துவதும் பின்னதில் காற்றோட்டம் நிற்காமல் காப்பதும் தேவைப்படும். ஆகவே பெரார்கஞ்ச் போன்ற ஊரில் வாழ்பவர் ஒரு நுட்பத்தைத் தமிழில் பழகியதோடு நிறுத்தாமல், இந்தியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகப் பழக வேண்டும்.

படிப்படியாக ஊருக்குள்

இடமாற்றத்தின் செய்முறை, சூழல்களை எளிதிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக ஏறிச் செல்வதாகும். தனியே உரக்க வாசித்தல், வீட்டில் ஒருவரோடு பேசுதல், நண்பரோடு அலைபேசியில் பேசுதல், பழகிய மளிகைக் கடையில் பொருள் கேட்டல், அறியாதவரிடம் வழி கேட்டல், நடத்துநரிடம் சீட்டு வாங்குதல், வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் குறித்து விசாரித்தல், வகுப்பின் முன் பேசுதல், நேர்முகத் தேர்வில் தம் பெயரைச் சொல்லுதல் என்று ஒரு பட்டியல் அமையலாம். இவ்வரிசை ஒவ்வொருவருக்கும் மாறும். ஒருவருக்கு அதிகாரியைவிடச் சொந்த மாமா கடினமானவராக இருப்பார்.

ஒவ்வொரு படியிலும் மூன்று செய்திகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும்: எங்கே, எந்த நுட்பம், எத்தனை முறை. ‘இன்று நன்றாகப் பேச வேண்டும்’ என்பது பயிற்சி ஆகாது. ‘இன்று மாலை மளிகைக் கடையில் மூன்று பொருள்களைப் பெயர் சொல்லிக் கேட்பேன், ஒவ்வொரு முதற்சொல்லையும் மென்மையாகத் தொடங்குவேன்’ என்பதே பயிற்சி. வெற்றியை அளக்கும் அளவுகோல் திக்கினாரா இல்லையா என்பதாக இருந்தால், ஒரு தடை வந்ததும் முயற்சி கைவிடப்படும். தவிர்க்காமல் சென்றாரா, சொல்ல நினைத்ததைச் சொன்னாரா, நுட்பத்தைப் பயன்படுத்தினாரா என்பதாக இருந்தால், திக்கிய நாளும் பயனுள்ள நாளாகிறது. பயிற்சிக்குப் பின் திக்கல் மீண்டும் கூடும் காலங்கள் பெரும்பாலோருக்கு வரும். அப்போது சில படிகள் இறங்கி அங்கிருந்து மறுபடி தொடங்குவது இயல்பான நடைமுறை, தோல்வி அன்று.

கேட்பவரின் பங்கு

பேச்சு இருவருக்கிடையே நிகழ்வது என்பதால், திக்குபவர் ஒருவரே உழைத்தால் போதாது. ‘மெதுவாப் பேசு’, ‘மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு’ என்ற அறிவுரைகள் நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும், பேசுபவரின் கவனத்தைச் செய்தியிலிருந்து குறையின் பக்கம் திருப்பிவிடுகின்றன. சொல்லை எடுத்துக்கொடுத்து முடிப்பதும் அவ்வாறே. கேட்பவர் செய்ய வேண்டியவை சில: இயல்பாகப் பார்த்தபடி காத்திருத்தல், முடித்தபின் சொன்ன செய்திக்கு மறுமொழி கூறுதல், தாமே சற்று நிதானமாகப் பேசுதல். ஆசிரியர், வாசிப்பு முறை வரும்போது திக்கும் மாணவரைத் தாண்டிச் செல்லாமல், எப்படிப் பங்கேற்க விரும்புகிறார் என்று தனியே கேட்டறிவது சிறந்தது. வருகைப் பதிவுக்குக் கை உயர்த்தினாலும் ஏற்கப்படும் என்ற பொது விதியை வகுப்பு முழுமைக்கும் வைத்துவிட்டால், ஒருவர் மட்டும் தனித்துக் காட்டப்படுவதில்லை.

பேச்சின் மீது குறை சுமத்துவது குழந்தையை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு வரலாற்றில் வேதனையான சான்று உண்டு. 1939இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டெல் ஜான்சனின் மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற ஆய்வு மாணவி, அநாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார். அவர்களுள் இயல்பாகப் பேசிய சிலரிடம், அவர்களுடைய பேச்சில் குறை இருப்பதாகத் திரும்பத் திரும்பக் கூறப்பட்டது. அக்குழந்தைகள் பேசவே தயங்குபவர்களாக மாறினர். அறநெறிக்கு முரணான இவ்வாய்வுக்காகப் பல்கலைக்கழகம் 2001இல் வருத்தம் தெரிவித்தது. ‘திக்குவாய்’ என்ற பட்டப்பெயரைப் பள்ளியிலும் தெருவிலும் விளையாட்டாகக் கருதுவோர் நினைவில் கொள்ள வேண்டிய நிகழ்வு இது.

சிறு குழந்தை திக்கும்போது, நாவின் தடிப்பு குறையும் என்று நம்பி வசம்பை இழைத்து நாவில் தடவும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. நாவின் தடிப்பு திக்கலுக்குக் காரணம் அன்று என்பதால், அதனால் திக்கல் நீங்காது. திக்கல் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகத்தில் இறுக்கம் தெரிந்தாலோ, குடும்பத்தில் திக்குவோர் இருந்தாலோ, காத்திருக்காமல் பேச்சு மருத்துவரை அணுக வேண்டும். பள்ளி செல்லும் முன் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் மிகுதி. சிட்னியில் மார்க் ஆன்ஸ்லோவும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய லிட்கம் திட்டத்தில், சிகிச்சையாளரின் வழிகாட்டுதலோடு பெற்றோரே வீட்டில் குழந்தையின் சீரான பேச்சை அளவறிந்து பாராட்டுகின்றனர். அங்கு தொடக்கத்திலிருந்தே பயிற்சி நடக்குமிடம் வீடுதான்.

கடல் கடந்து வரும் சிகிச்சை

சென்னையையும் ஸ்ரீ விஜயபுரத்தையும் பிற தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழைத் தடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் வழி வந்த மெதுவான இணைப்பை நம்பியிருந்த தீவுகளுக்கு, காணொளி வழிச் சிகிச்சை நடைமுறைச் சாத்தியமானது. வளர்ந்தோருக்கான திக்கல் பயிற்சியைத் தொலைவிலிருந்தே நடத்த இயலும் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியுள்ளன. வாழ்விடத்திலேயே பயிற்சி நடப்பதால், கற்பவர் தம் வீட்டிலிருந்தும் தம் கடைத்தெருவிலிருந்தும் பேசிப் பழக முடிகிறது. தொலைவு என்னும் குறை இடமாற்றத்துக்கு உதவியாகவும் மாறுகிறது.

1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் நாட்டில் இத்துறையின் முதன்மை நிறுவனம். சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்திலும், அருகே முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் பேச்சு மருத்துவத் துறைகள் இயங்குகின்றன. சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டறிய வேண்டும்; சில நாள்களில் முழுமையாகக் குணமாக்குவதாக உறுதியளிக்கும் விளம்பரங்களை நம்பிப் பணம் இழக்கக் கூடாது. திக்குவோர் தாமே நடத்தும் இந்தியத் திக்குவோர் சங்கம் போன்ற தன்னுதவிக் குழுக்கள், ஒருவர் முன் ஒருவர் தயக்கமின்றித் திக்கவும் நுட்பங்களைப் பழகவும் இடமளிக்கின்றன. ஆண்டுதோறும் அக்டோபர் 22 உலகத் திக்கல் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தீவுப் பள்ளிகளில் அந்நாளில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கினால், ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கும் முறையைக் கற்றுக்கொள்ள முடியும்.

மேற்கூறிய நுட்பங்கள் யாவும் கருவியோ பெருஞ்செலவோ வேண்டாதவை. ஒவ்வொரு நாளும் பேச வேண்டிய இடத்தில் பேசிப் பழகுவதை மட்டுமே அவை கேட்கின்றன. அவ்வாறு பழகுபவர் ஒருவர் பேருந்திலோ வகுப்பிலோ அலுவலகத்திலோ எதிரே நிற்கும்போது, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது இதைப் படிப்போர் ஒவ்வொருவரும் இன்றே செய்யத்தக்க உதவி. அதைச் செய்ய வேண்டும்.